மேனேஜரை அனுப்பிவிடுகிறார்கள், அவரைத் தேர்ந்தெடுத்த போர்டு யாருக்குப் பதில் சொல்லும்?

வடமுனை_கோல்

2024 கோடையில் இங்கிலாந்துக் கால்பந்துக் கிளப்பான மான்செஸ்டர் யுனைடெட் தன் மேனேஜர் (தலைமைப் பயிற்சியாளர்) விஷயத்தில் எடுத்த முடிவுகளைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தால் இந்தக் கேள்வியின் கனம் தெரியும்.

மே 25 அன்று எஃப்ஏ கோப்பை இறுதியில் மான்செஸ்டர் சிட்டியை 2-1 என வென்றார்கள். ஆனால் லீகில் 8ஆம் இடம். பிரீமியர் லீக் தொடங்கியதிலிருந்து அவர்கள் அதுவரை அவ்வளவு கீழே முடித்ததில்லை. கோப்பை வென்ற பிறகு இரண்டு வாரத்துக்கு மேல் ‘சீசன் ஆய்வு’ நடந்தது. அந்த நாட்களில் கிளப் வேறு பயிற்சியாளர்களோடும் பேசியது. அப்போதைய மேனேஜர் எரிக் டென் ஹாக்கே பிறகு அதை வெளிப்படையாகச் சொன்னார். ஜூன் நடுவில் ‘அவரே தொடர்வார்’ என்று முடிவு. ஜூலை 4 அன்று காண்ட்ராக்டை 2026 ஜூன் வரை நீட்டினார்கள். அக்டோபர் 28 அன்று நீக்கினார்கள். கையெழுத்துக்கும் நீக்கத்துக்கும் நடுவே 116 நாள்.

அந்த இடைவெளியில் சிர்க்ஸே, யோரோ, டி லிக்ட், மஸ்ராவி, உகார்ட்டே என்று ஐந்து பேரை வாங்கினார்கள். இதில் டி லிக்டும் மஸ்ராவியும் அயாக்ஸில் டென் ஹாக்கிடம் ஆடியவர்கள். அதாவது அவருடைய ஆட்டத்துக்காகவே அணியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். விளையாட்டு இயக்குநர் டான் ஆஷ்வொர்த் வேலையில் சேர்ந்தது ஜூலை 1. தலைமை நிர்வாகி ஒமர் பெராடா ஜூலை 13. ‘டென் ஹாக் தொடர்வார்’ என்று தீர்மானித்த நாளில் இருவருமே முறைப்படி பதவியில் இல்லை. ஆஷ்வொர்த் டிசம்பர் 8 அன்றே வெளியேறினார், ஐந்து மாதத்தில்.

என் கேள்வி நேரடியானது. அந்த ஜூன் முடிவுக்கு யார் பொறுப்பு? காண்ட்ராக்டை நீட்டலாம் என்று முதலில் சொன்னவர் யார், எந்தக் காரணத்தைச் சொல்லிச் சொன்னார்? எழுத்தில் எங்காவது இருக்கிறதா? இருந்தால் அதைத் திரும்ப எடுத்துப் படிக்கும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது?

வரவு_செலவு

தேதிகளுக்குப் பக்கத்தில் பணத்தையும் வைத்துப் பார்ப்போம். யுனைடெட் நியூயார்க் பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனம் என்பதால் இதெல்லாம் கணக்கில் வந்தே தீரும்.

டென் ஹாக்கும் அவருடைய உதவியாளர்களும் வெளியேறியதற்கு 1 கோடியே 4 லட்சம் பவுண்டு. ஆஷ்வொர்த் விவகாரத்துக்கு 41 லட்சம். இரண்டும் சேர்ந்து 1 கோடியே 45 லட்சம் பவுண்டு ஒரே காலாண்டில் ‘அசாதாரணச் செலவு’ என்று போனது. அதன் மேல் அடுத்த மேனேஜராக ரூபன் அமோரிமைக் கொண்டுவர ஸ்போர்ட்டிங் லிஸ்பனுக்கு 1 கோடியே 10 லட்சம் யூரோ: காண்ட்ராக்டில் எழுதியிருந்த விடுவிப்புத் தொகை 1 கோடி, 30 நாள் முன்னறிவிப்பைத் தள்ளுபடி செய்ய 10 லட்சம். ஸ்போர்ட்டிங்கும் பட்டியலிட்ட நிறுவனம். அதனால்தான் இந்தப் பிரிவினை நமக்குத் தெரிகிறது.

ஆட்டக்காரர் ஒருவரை 5 கோடிக்கு வாங்கி ஐந்து வருடக் காண்ட்ராக்ட் போட்டால் கணக்கில் வருடத்துக்கு 1 கோடிதான் செலவாக ஏறும். வாங்கியது தப்பென்று தெரிந்தாலும் வலி ஐந்து துண்டாகத்தான் வரும். மேனேஜரின் இழப்பீடு அப்படி இல்லை. நீக்கிய அன்றே முழுத் தொகையும் அந்த வருடக் கணக்கில் விழும். அப்போது பிரீமியர் லீக்கில் இருந்த மூன்று வருட நட்ட வரம்பான 10 கோடியே 50 லட்சம் பவுண்டுக்குள்ளும் அது சேர்ந்தது. அடுத்த ஜன்னலில் (ஆட்டக்காரர்களை வாங்கி விற்க அனுமதிக்கும் காலம்) ஒரு ஆட்டக்காரரை வாங்க முடியாமல் போவதற்கு ஜூலையில் போட்ட ஒரு கையெழுத்து காரணமாக இருக்கலாம். ரசிகர் கண்ணுக்கு அந்தத் தொடர்பு தெரியவே தெரியாது.

காண்ட்ராக்ட் எத்தனை வருடம் என்பதை விட நீக்கும்போது என்ன தர வேண்டும் என்ற விதிதான் முக்கியம். யுனைடெட்டின் முந்தைய மேனேஜர் டேவிட் மோயஸுக்கு 2013இல் ஆறு வருடக் காண்ட்ராக்ட் கொடுத்தார்கள். பத்தே மாதத்தில், 2014 ஏப்ரல் 22 அன்று நீக்கினார்கள். ஆனாலும் அவருக்கும் உதவியாளர்களுக்கும் சேர்த்து ஆன செலவு 50 லட்சம் பவுண்டுக்குச் சற்று மேல்தான். சாம்பியன்ஸ் லீக் இடம் போனால் ஒரு வருடச் சம்பளம் மட்டும் என்று காண்ட்ராக்டில் இருந்ததாகச் செய்திகள் வந்தன. பிறகு வந்த மேனேஜர் மொரீன்யோ விஷயத்தில் 2018 ஜனவரியில் நீட்டித்தார்கள், அதே வருடம் டிசம்பர் 18 அன்று நீக்கினார்கள். செலவு 1 கோடியே 96 லட்சம்.

மோயஸைத் தேர்ந்தெடுத்தது சரியா தப்பா என்று மணிக்கணக்கில் பேசலாம். ஆனால் அந்தக் காண்ட்ராக்டை எழுதியவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார்.

தொடுகோடு

போர்டு பதில் சொல்ல வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எதற்காகப் பதில் சொல்ல வேண்டும் என்பதில்தான் ஜாக்கிரதை வேண்டும்.

மேனேஜர் தேர்வில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரியது. பாஸ் டெர் வேல் என்ற பொருளியலாளர் நெதர்லாந்து லீகின் 1986 முதல் 2004 வரையிலான ஆட்டங்களை எடுத்து ஆராய்ந்தார். மேனேஜரை மாற்றிய அணிகளை, அதே அளவு சரிந்தும் மாற்றாமல் விட்ட அணிகளோடு ஒப்பிட்டார். இரண்டு தரப்பும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி மீண்டன. கிளப்புகள் சரிவின் அடிமட்டத்தில்தான் ஆளை மாற்றுகின்றன. அடிமட்டத்திலிருந்து எப்படியும் மேலே வரத்தான் செய்யும். அந்த ஏற்றத்தைப் புதியவர் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

2018 டிசம்பரில் மொரீன்யோ இடத்துக்கு சோல்ஷர் தற்காலிகமாக வந்தபோது நடந்தது இதுதான். தொடர் வெற்றிகள், பாரிஸில் 3-1, உடனே 2019 மார்ச் 28 அன்று மூன்று வருட நிரந்தரக் காண்ட்ராக்ட். சீசன் முடிய ஒன்றரை மாதம்தான் பாக்கி. காத்திருந்திருந்தால் நட்டமே இல்லை, அந்த மாதிரி நேரத்தில் அவரை வேறு யாரும் தூக்கிப்போகப் போவதில்லை. அதன் பிறகு அணி சரிந்து 6ஆம் இடத்தில் முடித்தது. இங்கே போர்டைக் குற்றம் சொல்லலாம். காரணம், மார்ச் மாத நிலவரத்தை வைத்தே ‘பொறுங்கள்’ என்று சொல்லியிருக்க முடியும்.

முடிவு எடுத்த நாளில் கையில் இருந்த தகவல், கேட்ட கேள்விகள், விட்டுவிட்ட கேள்விகள் இவற்றை வைத்துத்தான் போர்டை எடைபோட வேண்டும். பட்டியலில் எந்த இடம் என்பதை மட்டும் வைத்து எடைபோட்டால் நல்ல போர்டையும் துரத்திவிடுவோம், மோசமான போர்டுக்கும் மாலை போடுவோம்.

இசார்_கரை

தொடுகோடு சொன்னதற்கு ஜெர்மன் கிளப் பயெர்ன் மூனிக்கே இரண்டு பக்கத்துக்கும் உதாரணம்.

2021இல் பயிற்சியாளர் நாகல்ஸ்மானை லைப்சிக் கிளப்பிலிருந்து ஐந்து வருடக் காண்ட்ராக்டில் எடுத்தார்கள். ஒரு பயிற்சியாளருக்கு அதுவரை ஜெர்மனியில் யாரும் தராத தொகையை லைப்சிக்குக் கொடுத்தார்கள். 2023 மார்ச் 24 அன்று நீக்கினார்கள். அன்றைய நிலவரம்: டார்ட்மண்டை விட ஒரே ஒரு புள்ளி குறைவு, ஒரு வாரத்தில் அதே டார்ட்மண்டோடு ஆட்டம், சாம்பியன்ஸ் லீகில் பாரிஸைத் தாண்டிக் காலிறுதி, ஜெர்மன் கோப்பையிலும் உயிரோடு. டூக்கல் வந்தார். இரண்டு கோப்பைகளிலிருந்தும் ஏப்ரலிலேயே வெளியே.

மே 27, கடைசி நாள். கொலோனில் 89ஆம் நிமிடத்தில் முசியாலா கோல், மறுபக்கம் டார்ட்மண்ட் மைன்ஸோடு 2-2 சமன். பயெர்ன் சாம்பியன். அதே நாளில் தலைமை நிர்வாகி ஒலிவர் கானும் விளையாட்டு இயக்குநர் சாலிஹமிஜிச்சும் பதவியை இழந்தார்கள். பட்டம் வென்ற நாளில்! முடிவு எடுத்தவர்களின் தலையே உருண்டதற்கு இதைவிடத் தெளிவான ஒன்று எனக்கு நினைவில்லை.

இது எப்படி நடக்க முடிந்தது என்றால், அங்கே இரண்டு அடுக்கு. தினசரி நிர்வாகம் ஒரு குழு. அதை நியமிக்கவும் நீக்கவும் அதிகாரம் உள்ள மேற்பார்வைக் குழு வேறு. ஒரே ஆள் இரண்டிலும் உட்காரச் சட்டம் விடாது. பங்குகளில் 75 சதவீதம் உறுப்பினர் சங்கத்திடம், மீதி அடிடாஸ், ஆடி, அலையன்ஸ் மூன்றிடமும் சமமாக. சட்டப்படி மேலே கேட்க ஆள் உண்டு.

மறுபக்கம்: 2024இல் டூக்கலுக்கு மாற்று தேடியபோது அலோன்ஸோ லெவர்குசனிலேயே இருந்துவிட்டார், நாகல்ஸ்மான் தேசிய அணியோடு நீட்டித்துக்கொண்டார், ராங்னிக் மறுத்தார், டூக்கலிடமே திரும்பிப் பேசி அதுவும் முறிந்தது. கடைசியில் பர்ன்லியோடு பிரீமியர் லீக்கிலிருந்து கீழிறங்கியிருந்த கோம்பனி. தேடல் என்ற வகையில் இது சிதறல்தான். அவரோ முதல் சீசனிலேயே லீகை வென்றார். மோசமான தேடல், நல்ல விளைவு. இந்தத் தேடலை நடத்தியவர்களைப் பாராட்டுவதா, விசாரிப்பதா?

தொடுகோடு

விசாரிக்கத்தான் வேண்டும், இசார்_கரை. கோம்பனி வென்றதால் பட்டியல் வறண்டுபோன காரணம் மறைந்துவிடாது. முதல் ஆள் மறுத்தால் அடுத்து யார் என்பது மார்ச்சிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கேம்ப்நூ_படிக்கட்டு

உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் பார்சிலோனாவைப் பார்க்க வேண்டும்.

2020 ஜனவரியில், லீகில் முதலிடத்தில் இருந்தபோது மேனேஜர் வல்வெர்டேயை நீக்கி செத்தியேனைக் கொண்டுவந்தது கிளப் தலைவர் பார்த்தோமியூவின் போர்டு. ஆகஸ்ட் 14 அன்று பயெர்னிடம் 8-2. மூன்றே நாளில் செத்தியேன் வெளியே. போர்டு அப்போதும் நாற்காலியில். நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு உறுப்பினர்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். 16,520 தேவைப்பட்ட இடத்தில் 20,000க்கு மேல் சேர்ந்தது. வாக்கெடுப்பு நெருங்கவும் அக்டோபர் 27 அன்று பார்த்தோமியூ போர்டோடு ராஜினாமா செய்தார். ஆக, வழி இருந்தது, வேலையும் செய்தது. ஆனால் ஜனவரியில் செய்த தப்புக்கு அக்டோபர் வரை ஆனது. அதற்குள் அதே போர்டு அடுத்த மேனேஜரையும் தேர்ந்தெடுத்துவிட்டுப் போயிருந்தது. அந்த மேனேஜர் கோமானைப் புதிய தலைவர் லப்போர்த்தா வந்துதான் 2021 அக்டோபரில் நீக்கினார், அந்தச் செலவும் புதியவர்கள் தலையில்.

ஸ்பெயினில் இன்னொரு ஏற்பாடு இருந்தது, பலருக்குத் தெரியாது. 1990ஆம் ஆண்டு விளையாட்டுச் சட்டம் மற்ற கிளப்புகளை நிறுவனங்களாக மாற்றியபோது ரியல் மத்ரித், பார்சிலோனா, பில்பாவ், ஒசசுனா நான்கும் உறுப்பினர் கிளப்பாகவே தொடர்ந்தன. பதிலுக்கு, ஜெயித்து வரும் போர்டு வருடச் செலவுத் திட்டத்தில் 15 சதவீதத்துக்குத் தங்கள் சொந்தப் பொறுப்பில் வங்கி உத்தரவாதம் கட்ட வேண்டும். 2021இல் லப்போர்த்தா அணிக்கு அது 12 கோடி யூரோவைத் தாண்டியது. நட்டம் வந்தால் நம் வீட்டுப் பணம் என்ற பயத்தை விதைப்பதுதான் நோக்கம். நடைமுறையில் பெரும் பணக்காரர்களோ அவர்களுக்குக் கடன்பட்டவர்களோதான் போட்டியிட முடிந்தது. 2022 சட்டத்தில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள்.

சட்டப்_பலகை

இங்கிலாந்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டால், தாளில் நிறையவே சொல்கிறது. 2006 கம்பெனிச் சட்டத்தின் 172ஆம் பிரிவு, நிறுவனத்தின் நலனுக்காக நடக்கும் கடமை. 174ஆம் பிரிவு, நியாயமான கவனமும் திறமையும் காட்டும் கடமை. இயக்குநர் ஒருவர் இதை மீறினால் வழக்குத் தொடுக்கும் உரிமை நிறுவனத்துக்கு. நிறுவனம் தொடுக்காவிட்டால் பங்குதாரர் அதன் சார்பில் நீதிமன்றத்தின் அனுமதி கேட்கலாம்.

சிக்கல் எங்கே? ஒரே ஓனரிடம் எல்லாப் பங்கும் இருக்கும் கிளப்பில் வழக்குப் போட வேண்டியவரும் அவரே, முடிவெடுத்தவரும் அவரே. மேலும் நேர்மையாக எடுத்த வியாபார முடிவு தோற்றுப்போனதற்காக நீதிமன்றம் இயக்குநரைத் தண்டிக்காது, தண்டிக்கவும் கூடாது.

யுனைடெட் இன்னும் ஒரு படி தள்ளி நிற்கிறது. பங்குச்சந்தையில் இருப்பது கேமன் தீவுகளில் பதிவான நிறுவனம். பொதுமக்கள் வாங்கும் ஏ வகைப் பங்குக்கு ஒரு ஓட்டு, கிளேசர் குடும்பத்திடம் இருக்கும் பி வகைப் பங்குக்குப் பத்து ஓட்டு. 2024 பிப்ரவரியில் தொழிலதிபர் ஜிம் ராட்கிளிஃப் சுமார் கால் பங்கை வாங்கினார், கால்பந்து நிர்வாகம் அவர் கைக்குப் போனது. பெரும்பான்மை ஒருவரிடம், கால்பந்து முடிவு இன்னொருவரிடம். முதல் பதிவில் கேட்ட ‘யார் பொறுப்பு’ என்ற கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்காததற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம்.

புதிய விஷயம், 2025 ஜூலை 21 அன்று அரச ஒப்புதல் பெற்ற கால்பந்து நிர்வாகச் சட்டம். முதல் ஐந்து அடுக்குக் கிளப்புகளுக்குச் சுதந்திரமான ஒழுங்குமுறை ஆணையம். பிரீமியர் லீக்கின் பழைய ஓனர் சோதனை பெரும்பாலும் ‘இந்த ஆளைத் தடுக்கக் காரணம் உண்டா’ என்று பார்த்தது: குற்றத் தண்டனை, திவால் போன்றவை. புதிய சட்டம் இயக்குநர்களிடமும் உயர் நிர்வாகிகளிடமும் திறமையையும் கேட்கிறது. யாரை மேனேஜராக்குவது என்பதில் ஆணையம் தலையிடாது, அதுவே சரி. ஆனால் கிளப் எப்படி நிர்வகிக்கப்படுகிறது என்று அறிக்கை தர வேண்டும். முடிவெடுக்கும் வழிமுறையை எழுதவைக்க அது ஒரு வாசல்.

வடமுனை_கோல்

சட்டப்_பலகைக்கு நன்றி, அந்த வாசலைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் என்ன எழுதவைக்கலாம்?

என் யோசனை ஒரு முடிவுக் கோப்பு. பத்துப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். கையெழுத்துக்கு முந்தைய நாள் மூட வேண்டும், பிறகு திருத்தக் கூடாது. உள்ளே முதலில் வர வேண்டியது அணி எப்படி ஆட வேண்டும் என்ற வரையறை. அது ஆளைத் தேடுவதற்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். அமோரிம் ஸ்போர்ட்டிங்கில் மூன்று தடுப்பாட்டக்காரர், இரண்டு விங்-பேக் (ஓரத்தில் ஏறி இறங்கி ஆடுபவர்) என்றுதான் அணியை ஆடவைத்தார், அது ஊருக்கே தெரியும். யுனைடெட் அந்தக் கோடையில் வாங்கிய ஐவரில் அந்த வேலைக்கென்று எடுத்த இடது விங்-பேக் ஒருவரும் இல்லை. லூக் ஷாவும் மலாசியாவும் நீண்ட காயத்தில். அந்த இடத்துக்கு டோர்குவை ஜனவரி ஜன்னல் மூடும் நேரத்தில்தான் வாங்கினார்கள். சீசன் முடிவில் வருகிறேன் என்று கேட்டதாகவும், இப்போது இல்லாவிட்டால் இல்லை என்று பதில் வந்ததாகவும் அமோரிமே சொன்னார். நவம்பரில் வந்தவருக்குப் பயிற்சி நாள் கிடையாது, ஆள் கிடையாது. 42 புள்ளி, 15ஆம் இடம். கோப்பு இருந்திருந்தால் ‘இந்த அணியில் இந்த ஆட்டத்துக்கு எத்தனை பேர் பொருந்துவார்கள்’ என்ற ஒரு வரி கட்டாயம் இருந்திருக்கும். அந்த வரிக்கு எதிரே எண்ணை எழுதியவர் பெயரும்.

அடுத்து, பரிசீலித்த பெயர்கள், ஒவ்வொருவரையும் ஒதுக்கிய காரணம், எதிர்த்தவர் யார். கடைசியாக, எந்த நிலை வந்தால் மறுபரிசீலனை, அப்போது நீக்க எவ்வளவு ஆகும் என்ற தொகை. 12 மாதம் கழித்து இந்தக் கோப்பில் கையெழுத்துப் போடாத ஒருவர் திறந்து படிக்க வேண்டும்.

வரவு_செலவு

நீட்டிப்புக்கு இதைவிடக் கடுமையான விதி வேண்டும். புது ஆளை எடுக்கும்போதாவது போட்டி உண்டு, பேரம் உண்டு. நீட்டிக்கும்போது எதிரே யாரும் இல்லை, போர்டு தானாகப் போய்க் கொடுக்கிறது. அக்டோபர் 28 அன்று பழைய காண்ட்ராக்ட்படி டென் ஹாக்குக்கு எட்டு மாதம்தான் மிச்சம். நீட்டித்ததால் இருபது மாதம். ‘வீரர்கள் முன்னால் மேனேஜர் பலவீனமாகத் தெரியக் கூடாது’ என்று காரணம் சொல்வார்கள். அந்தக் காரணத்துக்கு என்ன விலை என்று எழுதி, அதன் பிறகு ஓட்டெடுக்கட்டும்.

உதவியாளர்கள் செலவையும் மறக்காதீர்கள். மேனேஜர் தன்னோடு நாலைந்து பேரைக் கூட்டி வருவார், போகும்போது அத்தனை பேருக்கும் தனித்தனி இழப்பீடு. செல்சி 2022 செப்டம்பரில் மேனேஜர் பாட்டரையும் குழுவையும் எடுக்க பிரைட்டனுக்கு 2 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்தது, ஏழு மாதம் முடிவதற்குள் அவரை அனுப்பியது. முன்பு மேனேஜராக இருந்த கான்டேவையும் குழுவையும் அனுப்பியதற்கு அதே கிளப்பின் கணக்கில் முன்பு ஏறியது 2 கோடியே 66 லட்சம்.

ஹோவ்_கடற்கரை

பாட்டர் போன பிறகு பிரைட்டன் செய்ததையும் சொல்லுங்கள். பத்து நாளில் டி சேர்பி. அந்த சீசன் 6ஆம் இடம், கிளப் வரலாற்றில் முதல்முறை ஐரோப்பியப் போட்டி. மேனேஜர் ஒருநாள் போவார் என்று எதிர்பார்த்து அடுத்தவரின் பெயரை எப்போதும் கையில் வைத்திருக்கிறார்கள், ஆட்டமுறையும் ஓரளவு ஒத்துப்போகிறது. லிவர்பூலும் அப்படித்தான். அதன் மேனேஜர் க்ளாப் 2024 ஜனவரி 26 அன்றே விலகலை அறிவித்தார். முதலில் கால்பந்து நிர்வாகிகளாக எட்வர்ட்ஸையும் ஹியூஸையும் நாற்காலியில் உட்காரவைத்து, அவர்களைக் கொண்டு ஸ்லாட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுப்பவர் முதலில், மேனேஜர் பிறகு. யுனைடெட் இதை அப்படியே தலைகீழாகச் செய்தது.

தொடுகோடு

வடமுனை_கோல், கோப்பு யோசனை பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு ஓட்டை. ஓனர் மனதில் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தால் அந்தப் பெயருக்கு ஏற்றபடி காரணங்களை எழுதிவிடுவார்கள். 2022இல் வாட்ஃபோர்ட் நிர்வாகம் தன் புது மேனேஜர் ராப் எட்வர்ட்ஸை என்ன வந்தாலும் ஆதரிப்போம் என்று பகிரங்கமாகச் சொன்னது. 11 ஆட்டத்தில் நீக்கியது. பகிரங்கமாகச் சொன்ன வார்த்தையே கட்டுப்படுத்தவில்லை என்றால், பூட்டிவைத்த கோப்பு என்ன செய்யும்?

வடமுனை_கோல்

முழுக்கக் கட்டுப்படுத்தாது, ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் திறந்து படிப்பவர் வெளியிலிருந்து வர வேண்டும் என்கிறேன். ‘ஆதரிப்போம்’ என்ற வார்த்தையில் அளவுகோல் இல்லை. ‘பத்து ஆட்டத்தில் இத்தனை புள்ளிக்குக் கீழே போனால் பேசுவோம்’ என்பதில் இருக்கிறது. பொய்யான காரணம் எழுதினாலும் அது எழுதியவர் பெயரோடு நிற்கும். அடுத்த நியமனத்திலும் அதே பெயர், அதே மாதிரிக் காரணம் வந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

கேம்ப்நூ_படிக்கட்டு

ரசிகர்கள் இப்போதே செய்யக்கூடியது ஏதாவது உண்டா? ஸ்பெயினில் உறுப்பினர் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம்.

சட்டப்_பலகை

பிரீமியர் லீக்கில் 2023-24 முதல் எல்லாக் கிளப்பும் ரசிகர் ஆலோசனைக் குழு வைத்திருக்க வேண்டும், போர்டு மட்டத்தில் அதற்குப் பொறுப்பானவர் ஒருவரும் வேண்டும். மேனேஜரை நீக்கிய வாரத்தில் போய்க் கேட்டால் ‘தனிப்பட்ட காண்ட்ராக்ட் விவரம், பேச முடியாது’ என்றுதான் பதில் வரும். ஜூலையில், சீசன் தொடங்கும் முன் கேளுங்கள், ஆளைப் பற்றிக் கேட்காமல் முறையைப் பற்றிக் கேளுங்கள். பயிற்சியாளர் நியமனத்தையும் நீட்டிப்பையும் பரிந்துரைப்பது எந்தப் பதவி? ஒப்புதல் தருவது எந்தக் குழு? ஒரு வருடம் கழித்து அந்த முடிவை ஆய்வு செய்பவர் அந்தக் குழுவுக்கு வெளியே உள்ளவரா? மூன்றுக்கும் சம்பள விவரம் தேவையில்லை, ரகசியம் என்று மறுக்கக் காரணமும் இல்லை. கேள்வியை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள், பதிலோடு சேர்த்துக் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.